காற்றாலையில் ஊருக்கு என்ன பங்கு?



காலநிலை மாற்றம், தூய மின்சாரத்துக்கான அரசின் கொள்கை, ஊர் மக்களின் போராட்டங்கள் ஆகிய மூன்றும் பெரும்பாலும் தனித்தனி அரங்குகளில் பேசப்படுகின்றன. இந்த உரையில் மூன்றையும் ஒரே கேள்வியில் சேர்த்துப் பார்க்க விரும்புகிறேன். நிலக்கரியை விட்டுக் காற்றுக்கும் வெயிலுக்கும் மாறும்போது, அந்த மின்சாரம் பிறக்கும் ஊருக்கு என்ன பங்கு? பங்கு என்று சொல்லும்போது இரண்டைக் குறிக்கிறேன்: வருமானத்தில் பங்கு, முடிவெடுப்பதில் பங்கு. இவை கிடைத்த இடங்களில் மாற்றம் வேரூன்றியிருக்கிறது. கிடைக்காத இடங்களில் வேகமாகத் தொடங்கிப் பாதியில் சிக்கியிருக்கிறது. ஊரின் எதிர்ப்பை வெறும் தடையாக எண்ணுகிற கொள்கை, தன் வரவு செலவையே தப்பாகப் போடுகிறது என்பதுதான் நான் நிறுவ முயலும் கருத்து.

காலநிலை பற்றி நமக்கு வந்து சேரும் செய்திகள் பெரும்பாலும் இரண்டு வகை. முதலாவது பேரிடர்ச் செய்தி. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி மாவட்டம் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த மாவட்டத்தில் ஓராண்டு முழுவதும் பெய்கிற சராசரி மழையைவிட அது அதிகம். அளவீடுகள் தொடங்கிய காலத்திலிருந்து 2024தான் மிக வெப்பமான ஆண்டு என்று உலக வானிலை அமைப்பு அறிவித்தது. தொழிற்புரட்சிக்கு முந்தைய நிலையைவிட ஏறத்தாழ 1.55 டிகிரி செல்சியஸ் கூடுதல். இரண்டாவது வகை மெகாவாட் செய்தி. 2030க்குள் 500 கிகாவாட் அளவுக்குப் புதைபடிவம் சாராத மின்திறனை நிறுவுவோம் என்று 2021 கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் இந்தியா அறிவித்தது. மொத்த நிறுவுதிறனில் பாதி புதைபடிவம் சாராததாக இருக்கவேண்டும் என்ற மற்றோர் இலக்கை 2025ஆம் ஆண்டின் நடுவிலேயே, ஐந்தாண்டு முன்னதாக, எட்டிவிட்டோம். பெருமைப்பட வேண்டிய செய்திதான். ஆனால் நிறுவுதிறன் வேறு, உற்பத்தி வேறு. சூரியத் தகடு இரவில் உறங்கும், காற்றாலை காற்றில்லாத மாதங்களில் நிற்கும். நாம் பயன்படுத்தும் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்குக்கும் மேல் இன்னும் நிலக்கரியிலிருந்தே வருகிறது. ஆகவே இதுவரை நிறுவியதைப் போலப் பல மடங்கு இனிமேல் நிறுவியாக வேண்டும். அதற்கு நிலம் வேண்டும், கம்பித் தடம் வேண்டும், கடலோரம் வேண்டும். யாருடைய நிலம், யாருடைய மேய்ச்சல், யாருடைய வலைப்பாடு என்ற கேள்வி, பேரிடர்ச் செய்தியிலும் வருவதில்லை, மெகாவாட் செய்தியிலும் வருவதில்லை.

இன்றைய காற்றாலைத் தொழில் உருவான கதையிலிருந்து தொடங்குவோம். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது டென்மார்க் தன் ஆற்றல் தேவையில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. அரசு அணுமின் நிலையங்களைத் திட்டமிட்டது. 1974இல் அதற்கு எதிராக ஒரு மக்கள் இயக்கம் எழுந்தது. 1985இல் அந்நாட்டு நாடாளுமன்றம் அணுமின்சாரத்தைத் திட்டத்திலிருந்தே நீக்கியது. அந்த இயக்கத்தார் ‘வேண்டாம்’ என்பதோடு நிற்கவில்லை, மாற்று எது என்பதையும் செய்துகாட்ட முனைந்தார்கள். ட்வின்ட் என்ற இடத்தில் பள்ளி ஆசிரியர்களும் தொண்டர்களும் சேர்ந்து, அக்காலத்தில் உலகிலேயே பெரிதாக இருந்த 2 மெகாவாட் காற்றாலையை 1978இல் ஓடவிட்டார்கள். பிறகு ஊர் ஊராகக் குடும்பங்கள் பணம் போட்டுக் கூட்டுறவு முறையில் காற்றாலைகளை வாங்கின. 2000ஆம் ஆண்டில் கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே, மிடில்குருண்டன் என்ற கடற்பகுதியில் 20 காற்றாலைகள் நிறுவப்பட்டன. அவற்றில் பாதி, 8,500க்கும் மேற்பட்ட உறுப்பினர்களைக் கொண்ட கூட்டுறவுச் சங்கத்துக்குச் சொந்தம். இன்று டென்மார்க்கின் மின்சாரத்தில் பாதிக்கும் மேல் காற்றிலிருந்து கிடைக்கிறது.

இந்தக் கதையின் பிற்பகுதிதான் நமக்கு மேலும் முக்கியம். காற்றாலைகள் பெரிதாகி, உள்ளூர்க் கூட்டுறவுகளின் இடத்தில் தொலைதூர முதலீட்டாளர்கள் வந்தபோது, அதே டென்மார்க்கில் காற்றாலைக்கு எதிர்ப்பு வளர்ந்தது. மக்களும் அவர்கள்தாம், காற்றும் அதுதான். உரிமை மட்டும் கைமாறியிருந்தது. அதை உணர்ந்துதான் 2008இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது: புதிய காற்றாலைத் திட்டம் எதுவானாலும் அதன் பங்குகளில் குறைந்தது 20 சதவீதத்தை நாலரைக் கிலோமீட்டர் சுற்றளவில் குடியிருப்போருக்கு முதலில் விற்க முன்வர வேண்டும் என்பது அப்போதைய விதி. ஜெர்மனியின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு, கருங்காட்டுப் பகுதியில் உள்ள ஷோனாவ் என்ற சிற்றூரில் பெற்றோர் சிலர் சேர்ந்து தொடங்கிய முயற்சி, இரண்டு வாக்கெடுப்புகளில் வென்று, 1997இல் ஊரின் மின்கட்டமைப்பையே மக்கள் நிறுவனத்தின் கைக்குக் கொண்டுவந்தது. வீட்டுக் கூரையிலிருந்து வரும் மின்சாரத்துக்கும் நிச்சயமான விலை தந்த 2000ஆம் ஆண்டுச் சட்டம், இப்படிப்பட்ட முயற்சிகள் நாடெங்கும் பெருக வழி திறந்தது. எதிர்ப்பிலிருந்து பிறந்தவர்களே உற்பத்தியாளர்களாக மாறிய வரலாறு இது.

இனி நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் முதல் மாதிரிக் காற்றாலைப் பண்ணை 1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அமைந்தது. தென்மேற்குப் பருவக்காற்று பாலக்காடு, செங்கோட்டை, ஆரல்வாய்மொழிக் கணவாய்களில் நெருங்கிப் புகுந்து வேகம் எடுப்பதால் முப்பந்தலும் உடுமலைப்பேட்டைச் சுற்றுவட்டாரமும் காற்றாலைக் காடுகளாயின. இன்று மாநிலத்தின் காற்றுத்திறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. பல்லாண்டுகள் நாட்டிலேயே முதலிடம் நமக்குத்தான் இருந்தது. இந்தச் சாதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆனால் அதை இயக்கிய விசை எது? தொடக்கத்தில் 100 சதவீதமும் பின்னர் 80 சதவீதமும் முதல் ஆண்டிலேயே தேய்மானக் கழிவு தந்த வருமான வரிச் சலுகை. அதனால் காற்றாலைகளை வாங்கியவர்களில் பெரும்பகுதியினர் நூற்பாலைகளும் பிற தொழில் நிறுவனங்களும். காற்றுக் காலத்தில் உற்பத்தியாகும் யூனிட்டுகளை மின்வாரியத்தில் ‘பேங்கிங்’ செய்துவைத்து, காற்றில்லாத மாதங்களில் ஆலைக்கு எடுத்துக்கொள்வார்கள். தொழிலுக்கு அது நல்ல ஏற்பாடு. ஊருக்கோ, நிலத்தை விற்றபோது கிடைத்த ஒருமுறைப் பணமும் சில காவலாளி வேலைகளும்தான். 2012இல் மத்திய அரசு அந்தச் சலுகையை நிறுத்தியதும் நாட்டில் புதிதாக நிறுவப்படும் காற்றாலைத் திறன் ஓராண்டிலேயே ஏறக்குறையப் பாதியாகச் சரிந்தது. வரிச் சலுகைக்காக வந்த முதலாளி சலுகை போனதும் ஒதுங்கினார். அந்த இடத்தை நிரப்ப உள்ளூரில் உரிமையாளர் என்று எவரும் உருவாக்கப்பட்டிருக்கவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே உள்ள ஓடந்துறை ஊராட்சி. தெருவிளக்குக்கும் குடிநீர் மோட்டாருக்கும் மின்வாரியத்துக்குக் கட்டும் தொகை ஏறிக்கொண்டே போனதைக் கண்ட ஊராட்சித் தலைவர் ஆர். சண்முகம் காலத்தில், முதலில் சூரியத் தெருவிளக்குகளும், மரக்கழிவை எரிவாயுவாக்கி மோட்டாரை ஓட்டும் கருவியும் வந்தன. பிறகு 2006இல், ஏறத்தாழ 1.55 கோடி ரூபாய்ச் செலவில் 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை உடுமலைப்பேட்டைப் பகுதியில் ஊராட்சியே நிறுவியது. ஊராட்சியின் சேமிப்புப் போக மீதிக்கு வங்கிக் கடன். ஊர்த் தேவைக்குப் போக மிஞ்சிய மின்சாரத்தை வாரியத்துக்கு விற்றே கடனைக் கட்டினார்கள். ஒரு கிராம ஊராட்சியால் இது முடியும் என்று நிரூபணமாகிப் பல ஆண்டுகள் ஆகியும், இது பார்வையாளர்கள் வந்து வியக்கும் காட்சிப் பொருளாகவே இருக்கிறது, கொள்கையாக மாறவில்லை.

எதிர்ப்புப் போராட்டங்கள் நமக்குச் சொல்லித்தருவது என்ன என்பதற்கு எண்ணூரைப் பாருங்கள். இந்திய நிலக்கரியை எரித்தால் எடையில் 30 முதல் 40 சதவீதம் சாம்பலாக மிஞ்சும். அந்தச் சாம்பலை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, குழாய் வழியே சாம்பல் குளத்துக்குத் தள்ளுவார்கள். வடசென்னை அனல்மின் நிலையத்தின் குழாய்கள் துருப்பிடித்து, மூட்டு மூட்டாகக் கசிந்து, கொசஸ்தலை ஆற்றிலும் கழிமுகத்திலும் சாம்பலைக் கொட்டின. ஆறு தூர்ந்தது. படகு போன இடத்தில் படகு தரைதட்டியது. சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி இறால் பிடிப்பவர்களின் கைக்குச் சாம்பல் அகப்பட்டது. இதை முதலில் அளந்து சொன்னவர்கள் அதிகாரிகள் அல்லர். குழாய் எங்கெங்கே உடைந்திருக்கிறது என்று படம் எடுத்து, மனுப் போட்டு, தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனவர்கள் எண்ணூர் மீனவர்களும் அவர்களோடு நின்ற சூழலியல் அமைப்புகளும்தான். 2017இல் கர்நாடக இசைப் பாடகர் டி. எம். கிருஷ்ணா பாடிய ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ வந்த பிறகுதான் நகரத்தின் தென்பகுதி, தன் வடபகுதியைத் திரும்பிப் பார்த்தது. 2022இல் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, மாசுக்கு மின்கழகத்தைப் பொறுப்பாக்கிச் சீரமைப்புக்கு உத்தரவிட்டது. அனல்மின்சாரம் மலிவு என்று நாம் பல்லாண்டுகள் நம்பியதற்குக் காரணம், இந்த ஆற்றின் இழப்பை யூனிட் விலையில் யாரும் சேர்க்காததுதான். விடுபட்ட அந்தச் செலவைக் கணக்கில் எழுதியவர்கள் மீனவர்கள். அவர்களை வளர்ச்சிக்கு எதிரிகள் என்பது, தணிக்கையாளரைத் திருடன் என்பதற்குச் சமம்.

சூரிய ஒளிக்கும் காற்றுக்கும் சாம்பல் இல்லை. ஆகவே எதிர்ப்புக்கும் காரணம் இல்லை என்று சிலர் எண்ணுகிறார்கள். அதுவும் சரியன்று, ஏனென்றால் அவற்றுக்கு நிலம் வேண்டும். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 2016இல் 648 மெகாவாட் சூரிய மின்நிலையம் எட்டே மாதங்களில் எழுந்தது. அப்போது உலகில் ஒரே இடத்தில் அமைந்த மிகப்பெரிய நிலையங்களில் ஒன்று. ஏறத்தாழ 2,500 ஏக்கர். வறண்ட கரிசல் காடு என்று வெளியிலிருந்து பார்ப்பவருக்குத் தோன்றும் நிலம், ஆடு மாடு மேய்ப்பவருக்கும் மானாவாரி விவசாயிக்கும் பிழைப்பு. ராஜஸ்தானின் ஜெய்சல்மேர் பகுதியில் ‘ஓரண்’ எனப்படும் கோயில் காடுகள் நூற்றாண்டுகளாக ஒட்டகத்துக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சல் நிலம். அரசுப் பதிவேட்டில் அவற்றில் பலவும் தரிசு என்றே இருந்ததால் சூரிய, காற்றாலை நிறுவனங்களுக்கு ஒதுக்கப்பட்டன. அதை எதிர்த்து ஊரார் நடைப்பயணம் போனார்கள். இவர்களில் எவரும் நிலக்கரிக்கு ஆதரவாகப் பேசவில்லை. தகட்டை எங்கே வைப்பது என்பதில் எங்கள் சொல்லுக்கும் இடம் கொடுங்கள் என்றுதான் கேட்டார்கள்.

நிலத்தைக் கையாள வேறு வழி உண்டா? கர்நாடகத்தின் பாவகடா சூரியப் பூங்கா ஒரு பதில். 13,000 ஏக்கரில் 2,050 மெகாவாட். அங்கே அரசு நிலத்தைக் கையகப்படுத்தவில்லை, விவசாயிகளிடம் நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தது. தொடக்கத்தில் ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய். இரண்டாண்டுக்கு ஒருமுறை 5 சதவீத உயர்வு. பட்டா விவசாயியின் பெயரிலேயே இருக்கும். ஓயாத வறட்சியில் நிலக்கடலை பொய்த்துப்போன பூமியில் அது நிச்சயமான வருமானம். அதனால்தான் அவ்வளவு பெரிய பரப்பு பெரிய மோதலின்றிக் கிடைத்தது. ஆனால் பாவகடாவின் குறையையும் மறைக்கக் கூடாது. குத்தகைப் பணம் நிலம் உள்ளவருக்குப் போயிற்று. அந்த நிலத்தில் களையெடுத்தும் கடலை பறித்தும் கூலி வாங்கியவர்களுக்கும், ஆடு மேய்த்தவர்களுக்கும் வேலிதான் மிஞ்சியது. பங்கு என்பது பட்டாதாரருக்கு மட்டும் உரியதாகிவிட்டால், பழைய ஏற்றத்தாழ்வு சூரிய வெளிச்சத்திலும் தொடரும். ஆகவேதான் தனியாருக்குத் தரும் குத்தகையோடு, ஊர்ப் பொதுவுக்கும் ஒரு பங்கு வேண்டும் என்கிறேன்.

இந்த வாதத்துக்கு வலுவான மறுப்புகள் உண்டு. முதல் மறுப்பு வேகம். பூமி சூடேறிக்கொண்டிருக்கும்போது ஊர் ஊராகச் சம்மதம் கேட்டுக்கொண்டிருக்க நேரம் ஏது என்கிறார்கள். கமுதி எட்டு மாதத்தில் எழுந்தது உண்மை. ஆனால் ஒரு நிலையம் எழும் வேகத்தை வைத்து மாற்றத்தின் வேகத்தை அளக்க முடியாது. அழிவின் விளிம்பில் உள்ள கானமயில் உயர்மின் கம்பிகளில் மோதிச் சாவது குறித்த வழக்கில், ராஜஸ்தான், குஜராத்தில் ஏறத்தாழ 99,000 சதுர கிலோமீட்டர் பரப்புக்கு 2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கட்டுப்பாடு விதித்தது. நாட்டின் மிகச் சிறந்த வெயில் நிலத்தில் திட்டங்கள் சிக்கின. மூன்று ஆண்டு கழித்து, 2024 மார்ச்சில்தான் அந்த உத்தரவு மாற்றப்பட்டு, நிபுணர் குழுவிடம் பொறுப்பு விடப்பட்டது. காலநிலை மாற்றத்தின் பாதிப்புகளிலிருந்து காக்கப்படுவது அரசமைப்பின் 14, 21ஆம் பிரிவுகளில் அடங்கிய உரிமை என்று நீதிமன்றம் சொன்னதும் அதே தீர்ப்பில்தான். பறவை எங்கே மேயும், எங்கே முட்டையிடும் என்பது அங்குள்ள மேய்ப்பவர்களுக்குத் தெரியாத சங்கதியன்று. கேட்க வேண்டியதைத் தொடக்கத்தில் கேட்கச் சில மாதங்கள் ஆகும். கேட்காமல் விட்டால் பிறகு நீதிமன்றத்தில் ஆண்டுகள் போகும்.

இரண்டாவது மறுப்பு விலை. பெரிய நிலையத்தில்தான் மின்சாரம் மலிவு. கமுதி மின்சாரத்துக்கு யூனிட் 7.01 ரூபாய் என்று ஒப்புக்கொண்ட சில ஆண்டுகளிலேயே, 2017இல் ராஜஸ்தானின் பட்லா பூங்கா ஏலத்தில் விலை 2.44 ரூபாய்க்கு இறங்கியது. இதை நான் மறுக்கவில்லை. ஆனால் என் கோரிக்கை சிறியதா பெரியதா என்பது பற்றியதன்று. பாவகடா பெரியது; நிலம் ஊராரிடம்தான் இருக்கிறது. மிடில்குருண்டன் அன்றைக்குப் பெரியது. பாதி கூட்டுறவிடம் இருந்தது. அளவையும் பங்கையும் எதிரெதிராக நிறுத்த வேண்டியதில்லை.

மூன்றாவது மறுப்புதான் கூர்மையானது. ஊர் மக்கள் எல்லாவற்றையும் எதிர்ப்பார்கள், கரிமம் குறைந்த அணுமின்சாரத்தையும் கூடங்குளத்தில் எதிர்த்தார்களே என்பார்கள். அணுமின்சாரம் வேண்டுமா வேண்டாமா என்பதில் இந்த அவையிலேயே இரு கருத்துகள் இருக்கும். அதை விட்டுவிட்டு நடந்ததைப் பாருங்கள். கூடங்குளத்தை அடுத்த இடிந்தகரையில் போராடிய மக்கள் ஆயிரக்கணக்கானோர்மீது தேசத்துரோக வழக்குகள் பாய்ந்தன. 2013 மே மாதம் நிலையத்துக்கு அனுமதி அளித்த உச்ச நீதிமன்றம், அதோடு 15 நிபந்தனைகளையும் விதித்தது. பாதுகாப்பு, பயன்படுத்திய எரிபொருள், பேரிடர்க்கால ஆயத்தம் என்று அவற்றுள் பலவும் கடற்கரையில் கேட்கப்பட்ட கேள்விகளே. வழக்குகளைத் திரும்பப் பெற முயலுமாறும் அதே தீர்ப்பு அறிவுறுத்தியது. எதிர்ப்பு தோற்றது என்றே வைத்துக்கொண்டாலும், அது எழுப்பிய கேள்விகள் நிலையத்தைச் சற்றுப் பொறுப்புள்ளதாக்கின. எல்லா எதிர்ப்பும் நியாயமானது என்று நான் சொல்லவில்லை. சில வதந்தியால் எழும், சில தன்னலத்தால் தூண்டப்படும். எது எப்படிப்பட்டது என்று பிரித்தறிய, காது கொடுத்துக் கேட்பதைத் தவிர வேறு வழியில்லை.

நான்காவதாக, இந்தியரின் தனிநபர் கரிம வெளியீடு உலகச் சராசரியில் பாதிகூட இல்லையே, நாம் ஏன் சுமக்கவேண்டும் என்பார்கள். வரலாற்றுக் கடன் பணக்கார நாடுகளுடையதே. அதை மாநாட்டு மேசைகளில் வசூலிக்கத்தான் வேண்டும். ஆனால் காயல்பட்டினத்தில் கொட்டிய மழை அந்தக் கடன் கணக்கைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை.

அப்படியானால் செய்யக்கூடியது என்ன? தமிழ்நாட்டு அரசு 2024இல் பழைய காற்றாலைகளைப் புதுப்பிக்கும் கொள்கையை வெளியிட்டிருக்கிறது. 1990களில் நட்ட சிறு காற்றாலைகள் போய், பல மடங்கு திறன் கொண்டவை அதே நிலத்தில் வரப்போகின்றன. அனுமதி வழங்கும் அந்த வேளையிலேயே, வருமானத்தில் ஒரு சிறு சதவீதத்தை அந்தந்த ஊராட்சிக்கு எழுதிவைக்க நிபந்தனை போடலாம். தமிழ்நாட்டுக் கடலில் காற்றாலை அமைக்க மத்திய அரசு 2024இல் நிதி ஒதுக்கியுள்ளது. கம்பமும் கடலடிக் கம்பியும் வருமுன் மன்னார் வளைகுடா மீனவர்களோடு வலைப்பாட்டு வரைபடத்தைச் சேர்ந்து வரைய வேண்டிய தருணம் இதுவே. மேய்ச்சல் நிலத்தையும் பொது நிலத்தையும் தரிசுக் கணக்கிலிருந்து பிரித்துப் பதிய வேண்டும். குஜராத்தின் கேடா மாவட்டம் தூண்டி என்ற சிற்றூரில் 2016இல் ஆறு விவசாயிகள் சூரியப் பம்புசெட்டுக் கூட்டுறவு ஒன்றைத் தொடங்கினார்கள். பாசனத்துக்குப் போக மிஞ்சும் மின்சாரத்தை மின்நிறுவனம் விலைக்கு வாங்கியதால், நீரை வீணாக இறைப்பதைவிட மின்சாரத்தை விற்பது அவர்களுக்கு லாபமாயிற்று. நிலத்தடி நீரைச் சேமிக்கவும் அது ஓர் ஊக்கமாயிற்று. இலவச மின்சாரத்தில் ஓடும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பம்புசெட்டுகள் உள்ள நம் மாநிலத்தில் இதைப் பெரிய அளவில் செய்துபார்க்கத் தடை என்ன? விவசாயியை மானியம் பெறுபவராக மட்டும் பார்க்கும் பழக்கம்தான்.

பத்திரிகைத் துறைக்குப் போகவிருக்கும் மாணவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை எத்தனை மெகாவாட் என்று எழுதும்போது, எந்த ஊர், எத்தனை ஏக்கர், குத்தகையா கிரயமா, ஊராட்சிக்கு எவ்வளவு என்ற நான்கு விவரங்களையும் சேர்த்து எழுதுங்கள். ஊரிலிருந்து வந்து படிக்கும் மற்றவர்களிடம் இன்னொன்று. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 முதலிய நாள்களில் உங்கள் ஊரில் கிராம சபை கூடும். காற்றாலையோ சூரியத் தகடோ உங்கள் எல்லைக்குள் இருந்தால், அதன் வருமானத்தில் ஊராட்சிக்குப் பங்கு கேட்டு ஒரு தீர்மானத்தை எழுதி எடுத்துப் போங்கள். அது நிறைவேறாமல் போகலாம். ஆனால் பதிவேட்டில் ஏறும். எண்ணூரில் நீதி ஒரு மனுவில்தான் தொடங்கியது.